சங்கிலிக்கு நீந்தத் தெரியாது

அளம்பில்,
முல்லைத்தீவு.
02.06.2025

அன்புள்ள மகன் மெல்ரொனுக்கு,

உன் படம் தொடங்கும்போது கறுப்புத் திரையில் 1985 என்று போடுகிறாய். பிழை. இந்தக் கதை நடந்தது குடிசனக் கணக்கெடுத்த வருடம். வீட்டு நிலையில் சோக்கட்டியால் இலக்கம் எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் பாஸ்கா, உயிர்த்த ஞாயிறு வந்தது. பாஸ்கா முடிந்து ஆறு கிழமையில் யாழ்ப்பாணத்தில் நூலகத்தை எரித்தார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எது எதற்கு முந்தி, எது எதற்குப் பிந்தி என்பதில் நான் இதுவரை பிழைவிட்டதில்லை. தவராசா மாஸ்டர் விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு 1981 என்கிறார். நாலு வருடத்தை நீ எங்கே கொண்டுபோய்ப் போட்டாய்?

இதை எழுதுகிறவர் அந்த மாஸ்டர்தான். பக்கத்து வளவில் இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கெட்ட வார்த்தை எழுதமாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டுத்தான் பேனையைத் திறந்தார். ஆகையால் நான் சொல்வதில் பாதிதான் உனக்கு வந்து சேரும். மிச்சத்தை நீயே ஊகித்துக்கொள்.

நான் சுகம். ஒரு கண் வெட்டி வில்லை வைத்தாயிற்று. மற்றக் கண் இருட்டு. அந்த ஒற்றைக் கண்ணால்தான் உன் படத்தைப் பார்த்தேன். நீ அனுப்பியதை மகள் நிரோசினி தன் போனில் போட்டு, அரிசிப் பேணியில் சாத்தி வைத்தாள். ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும். இரண்டு தரம் பார்த்தேன். இரண்டாம் தரம் பார்த்தது நான் பார்த்தது சரிதானா என்று தெரிந்துகொள்ள.

உன் அம்மா போனில் சொன்னா, பாரிசில் ஆட்கள் எழும்பி நின்று கைதட்டினார்களாம். பெரிய கம்பனி ஒன்றும் இல்லாமல், சிநேகிதரின் கமெராவை வாங்கி, சம்பளம் இல்லாத நடிகர்களை வைத்து, எங்கள் பக்கத்து ஆட்களில் இப்படியானவர்களைப் பற்றி முதல் படம் எடுத்தவன் நீதான் என்று பேப்பரிலும் வந்ததாம். நல்லது. அவர்கள் கைதட்டட்டும். அவர்களுக்கு மனுவேலையும் தெரியாது, சங்கிலியையும் தெரியாது.

இரண்டு ஆம்பிளைகளின் கதையை எடுத்துவிட்டான் என்றுதான் கிழவன் குதிக்கிறான் என்று நீ நினைப்பாய். அப்படி நினைப்பது உனக்கு வசதி. கிழவனைப் பேசாமல் தள்ளிவிடலாம். நான் சொல்வதை முழுக்க வாசித்த பிறகு தள்ளு.

ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறாய். வீட்டை மாற்றவில்லை. கோயிலை மாற்றவில்லை. கோயில் முற்றத்தில் உடைந்த சட்டியை மாற்றவில்லை. இந்தக் கரையில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட எந்த நாய்க்கும் அது என் அண்ணன் மனுவேலின் வீடு என்று தெரியும். அவனோடு நிற்பவன் சங்கிலி என்று தெரியும். அந்த வீட்டுப் பெண் கிறேஸ், மனுவேலின் மனுசி, உனக்குப் பெரியம்மா என்று தெரியும்.

கரைவலையை நீ காட்டியிருக்கிறாய், கயிறு இழுக்கிறார்கள், வேர்க்கிறது, அவ்வளவுதான். ஒழுங்கைக் காட்டவில்லை. ஒரு கயிற்றின் தலை கரையில் நிற்கும். வள்ளம் வலையை வளைத்துக்கொண்டு போய் மற்றக் கயிற்றோடு கரைக்கு வரும். இரண்டு கயிற்றிலும் சோடி சோடியாக நின்று இழுப்பார்கள். பாஸ்காவுக்கு அடுத்த திங்கள் கோயில் முற்றத்தில் சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர், சோடிகளின் பெயரைக் கூப்பிட்டு ஒவ்வொரு சோடிக்கும் ஒரு மண்சட்டி கொடுப்பார். மீன்காலம் முடியும்வரை இரண்டு பேரும் அந்த ஒரு சட்டியில் சாப்பிட வேண்டும். கரையில் ஒரே ஓலை வாடியில் படுக்க வேண்டும். ஒருவன் வராவிட்டால் மற்றவன் கயிற்றில் கை வைக்க முடியாது. ஒன்றாய்ச் சாப்பிடுகிறவர்கள் ஒன்றாய் இழுப்பார்கள் என்று பழைய ஆட்கள் வைத்த ஒழுங்கு.

மற்றச் சோடிகள் காலம் முடிந்ததும் சட்டியைக் கோழிக்குத் தண்ணி வைக்கக் கொடுத்துவிடும். மனுவேலும் சங்கிலியும் மாரியிலும் அதே சட்டியில் சாப்பிட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். உன் படத்தில் அவர்கள் இருட்டுக்குள் இருட்டாய் ஒளிந்து திரிகிறார்கள். எதற்கு ஒளிக்க வேண்டும்? பட்டப்பகலில், இருபது பேருக்கு முன்னால், ஒரே சட்டியில் கை போட்டுச் சாப்பிட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, சோடிதானே.

சனக்கணக்குக்கு வந்த ஐயா மனுவேலின் வாசலில் கதிரை போட்டிருந்தார். நான் வேலியடியில் நின்றேன். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று என்றான் மனுவேல். நான், மனுசி, சங்கிலி. சங்கிலி உங்களுக்கு என்ன முறை என்று கேட்டார். மனுவேல் யோசிக்கவே இல்லை, “சோடி” என்றான். ஐயா சிரித்துவிட்டு, அப்படி ஒரு கட்டம் தாளில் இல்லை என்று வேலையாள் என்று எழுதப்போனார். குசினிக்குள் இருந்து கிறேஸ் சத்தம் போட்டா: “என்னத்தையெண்டாலும் எழுதுங்கோ சேர், ஆனா மூண்டு எண்டு வடிவா எழுதுங்கோ. மூண்டு பேருக்குத்தான் நான் உலை வைக்கிறனான்.”

இதை நீ படத்தில் வைத்தாயா? இல்லை. நீ வைத்தது வேறு.

சங்கிலியாக நடித்த பெடியன் வெள்ளையாய், தாடியை வடிவாய் வெட்டி, கொழும்பில் படித்தவன்போலக் கதைக்கிறான். சங்கிலி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. எழுபத்தேழு கலவரத்தில் தாயையும் தங்கச்சியையும் இழந்து, ஒரு சாக்குப் பையோடு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தவன். கதைத்தால் ஊர் சிரிக்கும். “அண்ணே, ஒங்க கடலு எந்நேரமும் கத்துது, அதுக்கு வாய் வலிக்காதா” என்று கேட்பான். அவன் எங்களைச் சிரிக்க வைத்தான். மனுவேலுக்குப் பல்லு இருக்கிறது என்று எங்களுக்குச் சங்கிலி வந்த பிறகுதான் தெரியும். ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடத்தில் அந்த இரண்டு பேரும் ஒரு தரமாவது சிரித்தார்களா? பார்த்துச் சொல். அழுகிறார்கள், கடலைப் பார்க்கிறார்கள், திரும்ப அழுகிறார்கள். மனுவேல் எங்கள் அப்பா செத்ததற்கே அழாதவன். அழுதால்தான் வெளிநாட்டுக்காரன் நம்புவான் என்று யார் உனக்குச் சொன்னது?

கடைசியில் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு கடலுக்குள் நடந்து போய்ச் சாகிறார்கள். வயலின் வாசிக்கிறது. மெல்ரொன், சங்கிலிக்கு நீந்தத் தெரியாது. கடைசிவரை பழகவில்லை. மனுவேல் அவனை இடுப்பளவுத் தண்ணிக்கு மேல் விடமாட்டான். “நீ கரையில நிண்டு இழு, கடல் என்ர பாடு” என்பான். அப்படிப்பட்டவன் அவனைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சாகக் கொடுப்பானா? அவர்கள் சாகவில்லை. சங்கிலியை அடித்துத் துரத்தினார்கள். அவன் விசுவமடுப் பக்கம் போய், கண்டாவளையில் மற்றவர்களின் வயலில் வேலை செய்து சீவித்தான். மனுவேல் இங்கே சீவித்தான். இடையில் ஒரு பஸ் தூரம். இருபத்துமூன்று வருடமும் எட்டு மாதமும் அப்படி இருந்தார்கள். நீ அவர்களை ஐந்து நிமிடத்தில் கொன்றுவிட்டாய். உனக்கு வேலை லேசு.

மனுவேலைச் சுனாமி கொண்டுபோனது. மூன்றாம் நாள் சங்கிலி சைக்கிளில் வந்து, நாலாம் நாள் அவன்தான் உடலைக் கண்டுபிடித்தான். கழுத்தளவு தண்ணிக்குள் நின்றான், நீந்தத் தெரியாதவன். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் அவனும் போய்விட்டான்.

இதெல்லாவற்றையும் நான் பொறுப்பேன். பொறுக்க முடியாததை இப்போது சொல்லுகிறேன்.

உன் படத்தில் அந்தக் கதையை ஊருக்குக் கொண்டுபோவது மனுவேலின் மனுசி. வளவு கூட்டுகிற தும்புத்தடியோடு கோயில் முற்றத்துக்கு வந்து, தலையை விரித்துப்போட்டுக் குழறி, சட்டியைத் தன் கையால் உடைக்கிறாள். அந்தத் துண்டுதான் ட்ரெயிலர் என்று எல்லாப் போனிலும் சுற்றுகிறது. போன கிழமை கிறேஸ் கடைக்குச் சீனி வாங்கப் போனா. மோட்டார் சைக்கிளில் இருந்த ஒருவன், “அன்ரி, உங்கட தும்புத்தடி இப்ப பாரிசில நிக்குதாம், நீங்கள் இன்னும் இஞ்சதானோ” என்றான். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். கிறேஸ் சீனியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டா. என்னிடம் சொல்லவில்லை. நிரோசினி சொல்லித்தான் தெரியும்.

அவாவுக்கு அறுபத்தெட்டு வயது. பிள்ளை இல்லை. ஊர் நாற்பத்துநாலு வருடமாக முதுகுக்குப் பின்னால் சொன்னதை நீ முகத்துக்கு நேரே, நிறத்தோடு, இசையோடு போட்டுவிட்டாய். ஆவணி கடைசிச் சனிக்கிழமை கிளிநொச்சியில் மண்டபம் எடுத்துக் காட்டப்போகிறாயாம். இந்தக் கரையில் இருந்து வான் பிடித்துப் போக ஆட்கள் இப்போதே பெயர் கொடுக்கிறார்கள். சங்கிலிக்காகப் போகவில்லை, மனுவேலுக்காகப் போகவில்லை. தும்புத்தடியைப் பார்க்கப் போகிறார்கள்.

அந்தக் காட்சியை வெட்டு. வெட்ட முடியாவிட்டால் இங்கே காட்டாதே.

கிறேஸ் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

மாஸ்டரின் கை வலிக்கிறதாம். உன் அம்மாவுக்குச் சர்க்கரை கூடாமல் பார்த்துக்கொள். இது கோபக்காரக் கிழவனின் கடிதம் என்று கிழித்துப் போட்டாலும், கடவுள் உனக்குப் புத்தியைக் கொடுக்கட்டும் என்ற கடைசி வரியை மட்டும் வைத்துக்கொள்.

உன் பெரியப்பா,
ம. பஸ்தியாம்பிள்ளை
(பெருவிரல் அடையாளம்)


அளம்பில்,
முல்லைத்தீவு.
20.07.2025

மெல்ரொன்,

உன் குரல் நிரோசினியின் போனில் வந்தது. நாலு நிமிடம். கோட்டில் சாட்சியை ஏற்றிவைத்து அப்புக்காத்து கேட்பதுபோலக் கேட்டிருந்தாய். “பெரியப்பா, நான் ஊரில பதினொரு பேரிட்டக் கேட்டனான். பதினொரு பேரும் கிறேஸ் பெரியம்மாதான் எண்டு சொன்னவை. அவா இல்லையெண்டால் வேற ஆர்? பேரைச் சொல்லுங்கோ. சொன்னால் நான் திருப்பி எடிட் பண்ணுறன். சொல்லாட்டில் படம் இப்பிடியேதான் ஓடும்.”

உனக்கு உன் அப்பாவின் வாய். என் தம்பி யோசேப்பும் இப்படித்தான் ஆளைச் சுவரோடு வைத்துக் கேட்பான். அவனும் இன்றைக்கு இல்லை.

எழுதுகிற கை மாறியிருப்பதைக் கண்டிருப்பாய். இந்தக் கடிதத்தை எழுதுவது கிறேஸ். கொன்வென்ரில் பத்தாம் வகுப்புவரை படித்தவா, எழுத்து முத்துப்போல இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அறியேன். தவராசா மாஸ்டர் வவுனியாவுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார், ஒரு கடிதம் எழுதித் தாங்கோ மச்சாள் என்று கூப்பிட்டேன். அது பொய். இதையும் எழுதச் சொல்லுகிறேன். எழுதிவிட்டு நிமிர்ந்து, “காலமைதானே மாஸ்டர் சைக்கிளில என்னைக் கடந்து போனவர், அப்பவே நினைச்சனான்” என்று சொல்லுகிறா.

படத்தை அவாவுக்கு நான் காட்டவில்லை. அவாவாகவே நிரோசினியிடம் வாங்கிப் பார்த்திருக்கிறா. பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாவாம், அந்தப் பெட்டைக்கு ஏன் இப்படிக் கிழிந்த சட்டை போட்டார்கள் என்று.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன்.

சங்கிலி வருவதற்கு முந்தி ஒன்பது வருடம் மனுவேலின் சோடி நான். அவனோடு ஒரே சட்டியில் சாப்பிட்டவன் நான். இடது கயிற்றில் மூன்றாவது இடம், அவன் முன்னால், நான் பின்னால். அவன் மூச்சு விடுகிற சத்தத்தில் எப்போது இழுப்பான் என்று எனக்குத் தெரியும். எழுபத்தெட்டுப் பாஸ்காத் திங்கள் அவன் என்னிடம் வந்து, “உனக்கு ஆர் சோடியெண்டாலும் ஒண்டுதான் தம்பி, இவனுக்கு ஒருத்தரும் இல்லை” என்று சொல்லிவிட்டுச் சங்கிலியின் பெயரைக் கொடுத்தான். என்னைக் குடிகாரன் ஒருவனோடு வலது கயிற்றில் விட்டார்கள். மூன்று வருடம் நான் அந்தப் பக்கத்தில் நின்று இந்தப் பக்கத்தைப் பார்த்தேன்.

வளைக்காமல் சொல்லச் சொல்லுகிறா கிறேஸ். மை குறைவாம்.

எண்பத்தொன்று, பாஸ்காவுக்கு முதல் நாள், பெரிய சனி. மத்தியானம். அன்றைக்கு வலை இல்லை. நான் கயிறு பார்க்க வாடிப் பக்கம் போனேன். வாடிக்கு வெளியே சங்கிலி மணலில் குந்தியிருந்தான். காலில் கெளிறு முள்ளு ஏறியிருந்தது. மனுவேல் அவன் காலைத் தன் மடியில் வைத்து ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தான். சங்கிலி வலியில் கத்தவில்லை, கதை சொல்லிக்கொண்டிருந்தான். “ஒங்க ஊருல மீனுக்கும் முள்ளு, வேலிக்கும் முள்ளு. எங்க தோட்டத்துல வெறும் அட்டைதான்ணே, அது கடிச்சா ரத்தம் போகும், மானம் போகாது” என்றான். மனுவேல் சிரித்தான். நான் அவனோடு ஒன்பது வருடம் இழுத்தேன், அந்தச் சிரிப்பை ஒரு நாளும் கேட்டதில்லை.

முள்ளு வந்துவிட்டது. மனுவேல் அதை மணலில் சுண்டிவிட்டான். காலை இறக்கவில்லை. முள்ளு எடுத்து முடிந்த காலை எதற்கு மடியில் வைத்திருக்க வேண்டும்? கையை அதன் மேல் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சங்கிலியும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கண்டது அவ்வளவுதான். உன் படத்தில் வருகிற ஒன்றையும் நான் காணவில்லை. ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது.

பொழுதுபடக் கபிரியேல் சம்மாட்டியாரின் வாசலுக்குப் போனேன். “அது சோடி இல்லைச் சம்மாட்டியார், அது குடும்பம்” என்றேன். நான் சொன்னது அந்த ஒரு வசனம். அவர் சுருட்டை வாயில் இருந்து எடுத்துவிட்டு, நீ போ, ஆர் சொன்னதென்று ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்றார். சொல்லவும் இல்லை. வாக்குத் தவறாமல் செத்தார், பாவி.

திங்கள் முற்றத்தில் எல்லாச் சோடியையும் கூப்பிட்டார். மனுவேலின் முறை வந்ததும் சட்டியைத் தூக்கிக் கோயில் படியில் அடித்தார். எட்டுப் பேர் சங்கிலியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மனுவேலை மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். அவனுடைய இடது கையைப் பிடித்தது நான். தம்பி பிடிக்கிறான் என்று அவன் அந்தக் கையை உதறவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு மனுவேல் வள்ளத்தடியில் இருந்தான். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவன் கேட்டான்: “தம்பி, கிறேசோ சொன்னவள்?”

நான் தலையை ஆட்டினேன்.

ஒரு சொல்லும் சொல்லவில்லை மெல்ரொன். தலையைத்தான் ஆட்டினேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனவன் சுனாமி வந்த ஞாயிறுவரை கிறேசோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவா சமைத்ததைச் சாப்பிட்டான். அவா தோய்த்த சாரத்தைக் கட்டினான். காய்ச்சலில் அவா நெற்றியில் துணி போட்டால் கண்ணை மூடிக்கொண்டான். தண்ணி வேண்டுமென்றால் செம்பைத் தட்டுவான். அதைப் பார்த்துத்தான் ஊரும் சொன்னது அவாதான் என்று முடிவு கட்டியது. அவா ஒரு தரம் அவன் காலில் விழுந்து, “நான் சொல்லேல்லை, அந்தோனியார் மேல ஆணை” என்று சொன்னதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டேன். அவன் திரும்பவில்லை. நானும் வேலியைத் தாண்டவில்லை. ஐந்து எட்டு வைத்தால் போதும், அந்த வேலி.

இந்த இடத்தில் கிறேஸ் பேனையை வைத்துவிட்டா.

எழும்பிக் குசினிக்குள் போனா. நான் கதிரையில் இருந்தேன். போய்விடலாம் என்று நினைத்தேன், போகவில்லை. நேரே முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாற்பத்துநாலு வருடமாக வாய் வரவில்லை. உனக்குச் சொல்லுகிறதுபோல அவாவுக்குச் சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதத்துக்குக் கூப்பிட்டேன். கோழை செய்கிற வேலைதான். கோழை என்றே எழுதச் சொல்லுகிறேன்.

அவா தேத்தண்ணியோடு வந்தா. ஒரு கோப்பைதான், தனக்கு. எனக்குத் தரவில்லை. இருந்து, குடித்து முடித்து, பேனையை எடுத்து, “விட்ட இடத்தைச் சொல்லுங்கோ” என்றா. மச்சான் என்ற சொல் அதில் இல்லை. இனிமேல் வராது என்று நினைக்கிறேன்.

அவா என்ன எழுதுகிறா என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதை எழுதுகிறாவா, வேறு எதையும் எழுதுகிறாவா, தாளில் என்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்குக் கண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. எதுவானாலும் பெருவிரலை வைப்பேன். அப்படித்தானே அவாவும் என் தலையாட்டலுக்குக் கீழே இத்தனை வருடம் இருந்தா.

சங்கிலிக்குத் தெரியும். மனுவேலைப் புதைத்த அன்று ஊரே கிறேசைவிட்டுத் தள்ளி நின்றது. சங்கிலி நேரே அவாவிடம் போய், “அக்கா, சோறு இருக்கா” என்று கேட்டான். யாரோ பின்னால் இருந்து, சொல்லிக்கொடுத்தவளிடமே சோறு கேட்கிறான் பார் என்றார்கள். “எனக்கு மூணு வருசம் சோறு போட்ட கைங்க. அக்கா சொல்லியிருக்காது” என்று சொல்லிவிட்டு, கூட்டத்தில் மற்ற எல்லோரையும் விட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். அதற்குப் பிறகு சண்டைக் காலம் தவிர ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மெழுகுதிரியோடு வந்தான், சைவக்காரன். ஒவ்வொரு முறையும் கிறேசின் வீட்டில் சாப்பிட்டான். ஒவ்வொரு முறையும் என் படலையைக் கடக்கும்போது சைக்கிள் மணியை ஒரு தரம் அடிப்பான். வேறொன்றும் இல்லை, ஒரு மணி.

இப்போது உனக்குப் பெயர் கிடைத்துவிட்டது. எடிட் பண்ணு.

தும்புத்தடிப் பெண்ணை எடு. அந்த இடத்தில் ஒரு தம்பியைப் போடு. பெயரை மாற்றாதே, பஸ்தியான் என்றே போடு. அவனுக்குப் பேச்சு ஒன்றும் வேண்டாம். நல்ல நடிகனும் வேண்டாம், தலையை ஆட்டத் தெரிந்தால் போதும். திரும்பப் படம் பிடிக்க வழி இல்லையென்றால் என்னையே பிடி. எழுபத்தைந்து வயதுக் கிழவனை வள்ளத்தடியில் இருத்தி, கமெராவுக்கு முன்னால் கேள். அப்போது ஆட்டிய அதே தலைதான், இன்னும் கழுத்தில்தான் நிற்கிறது.

கிறேஸ் தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்கிறா. அவா எழுதிவிட்டு எனக்கு வாசித்துக் காட்டினது இது: “மகன், அந்தச் சட்டியை நான் உடைக்கேல்லை. அதில சோறு போட்டது நான். அதை எடு. அவங்கள் ரெண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டு சிரிக்கிற மாதிரி எடு. கனக்கச் சிரிக்கிறவங்கள். எனக்குச் சில நேரம் எரிச்சலாயும் இருந்தது, அதையும் எடு. நான் ஒண்டும் மாதா இல்லை.”

என்னைப் பற்றி என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவாவைக் கேட்டேன். கடிதம் முடியட்டும் என்கிறா.

ஆவணிச் சனிக்கிழமைக்கு முந்தி நீ வா. வந்து முதலில் கிறேசின் வீட்டுக்குப் போ, எனக்குப் பிறகு வரலாம், வராமலும் விடலாம். மண்டபத்தில் முன்வரிசையில் அவாவுக்கு ஒரு கதிரை போடு. எல்லோரும் இருந்த பிறகு கூட்டிக்கொண்டு வந்து இருத்து, ஊர் திரும்பிப் பார்க்கட்டும். நான் பின்னால் நிற்பேன்.

அங்கே உன் வீட்டில் உன்னோடு நாலு வருடமாக ஒருவர் இருக்கிறார் என்று உன் அம்மா ஒரு தரம் வாய்தவறிச் சொன்னா. நான் கேட்காததுபோல இருந்துவிட்டேன். அவரையும் கூட்டிக்கொண்டு வா. சந்தையில் ஒரு மண்சட்டி வாங்கி வைக்கிறாவாம் கிறேஸ். இரண்டு பேருக்கும் அதில்தான் போடுவாவாம். மீன் முள்ளுப் பார்த்துச் சாப்பிடச் சொல். உங்கள் இரண்டு பேரின் கையும் அந்தச் சட்டியைவிட்டு விலகாமல் இருக்கட்டும். ஆசீர்வாதம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனால் எனக்கு வேறொன்றும் மிச்சம் இல்லை, அதனால் இதை வைத்துக்கொள்.

போன மாரியில் திரும்பவும் குடிசனக் கணக்கெடுக்க வந்தார்கள். கிறேசின் வாசலில் நின்று, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒன்று என்றா. நான் இந்தப் பக்கம் நின்று கேட்டேன், இப்போது அந்த வேலியும் இல்லை.

நானும் கணக்கெடுத்துவிட்டேன். மனுவேல் இல்லை. சங்கிலி இல்லை. சட்டியை உடைத்த கபிரியேல் சம்மாட்டியார் இல்லை. உன் அப்பா இல்லை. என்னை உயிரோடு இருக்கிறவர்களில் சேர்க்க வேண்டாம், நான் வள்ளத்தடியிலேயே முடிந்தவன். இந்தக் கதையில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு ஆள். பெயரைத் தன் கையால், பெரிய எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கிறேஸ்.